சுவர் டீச்சர்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சுவரில் இருந்தாள். படமாக்கி மாட்டிவிட்டார்களோ என்று யாரும் பதற வேண்டாம், ஆள் உயிரோடு நன்றாகவே இருந்தாள். வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். காலை மணி அடித்ததும் அதில் கழுத்துக்கு மேலே மட்டும் வந்து, "எல்லாரும் வந்தாச்சா செல்லங்களா?" என்பாள். அவள் உட்கார்ந்திருந்தது தன் வீட்டு முன்னறையில், ஒரு லேப்டாப்புக்கு முன்னால். அந்த வருஷத்துப் படிப்பு தொடங்கும்போதே தொற்று வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டதால், அந்தப் பிள்ளைகள் அவளை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. முதலில் அம்மா அப்பாவின் போனுக்குள் இருந்தாள், பள்ளி திறந்த பிறகு சுவருக்கு வந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தினமும் ஒருவர் முறை வைத்துக்கொண்டு, பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, ஈரத்துணியால் டிவியைத் துடைப்பார்கள். அதற்குப் பெயர் டிவி துடைப்பது இல்லை. டீச்சருக்கு முகம் கழுவிவிடுவது. கேமரா டிவியின் தலையில் இருந்ததால், அந்தப் பக்கம் டீச்சருக்குத் தெரிவதெல்லாம் இரண்டு பெரிய மூக்குத் துவாரங்களும் ஒரு ஓட்டைப் பல்லும்தான். "நல்லா அழுத்தித் தேய்டா, கண்ணுல இன்னும் பூளை இருக்கு" என்பாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒருநாள் முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து, "டீச்சர், உங்களுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று வாயால் சொன்னால் விடுகிற ஆளா அவள்? எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பாள், சட்டம் பேசுவாள். அதனால்தான் டீச்சர் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்திருந்தாள். கடைசியில் டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒரு காலைத் தூக்கி லேப்டாப்புக்கு நேராகக் காட்டி, நிலைதடுமாறித் தொப்பென்று விழப் பார்த்தாள். "சரி, ஒண்ணு இருக்கு" என்று வக்கீலம்மா உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பறையில் முழு உடம்போடு இருந்தது சின்ன டீச்சர். படிப்பை முடித்த கையோடு உதவிக்கு என்று வந்து சேர்ந்த பெண். பிள்ளைகள் அவளை மிஸ் என்பார்கள், டீச்சர் என்றால் சுவரில் இருப்பவள்தான். நல்ல பெண், குறை சொல்லக்கூடாது. டீச்சர் சுவரிலிருந்து பாடம் சொல்வாள், சின்ன டீச்சர் பெஞ்சுக்கு பெஞ்சு நடந்து நோட்டைப் பார்ப்பாள். டீச்சர் அவளுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்தாள். ஆனாலும் அவள் ஒரு பிள்ளையின் பக்கத்தில் குனியும்போதெல்லாம் டீச்சரின் வயிறு எரிந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பொறாமைதான். பச்சையான, வெட்கங்கெட்ட பொறாமை.

ஏனென்றால் ஒன்றாம் வகுப்புப் பாடம் வாயால் நடக்கிற பாடமா என்ன? அது கையால் நடப்பது. பென்சிலைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கும் விரல்களைப் பிரித்துவிட வேண்டும். பிள்ளையின் கைமேல் கைவைத்து முதல் சுழியைச் சுழிக்க வேண்டும். டீச்சருக்கென்று இன்னொரு வித்தையும் உண்டு. எழுத்து மண்டையில் ஏறாத பிள்ளையைத் திருப்பி நிற்க வைத்து, அதன் முதுகில் விரலால் எழுதுவாள். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து முதுகுக்குப் பிடிபட்டுவிடும். கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "இ! டீச்சர், இ!" என்று கத்தும். எத்தனை வருஷமாக எத்தனை முதுகு! இப்போது லேப்டாப்பின் முதுகில் எழுதினால் அது என்ன சொல்லும்?

வீட்டில் இரண்டே பேர், டீச்சரும் அவளுடைய அக்காவும். அக்கா தையல்காரி. பின்னறையில் அவளுடைய மெஷின் பகலெல்லாம் கடகடவென்று ஓடும். வாயும் கூடவே ஓடும். சில வருஷங்களுக்கு முன் டீச்சரின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான். கொடுத்ததோடு விட்டாளா? அன்றிலிருந்து தங்கையின் உடம்புக்கு அவளே முதலாளி ஆகிவிட்டாள்.

"ஏய், தண்ணி குடிச்சியா? என் சாமான் உள்ள காயுது பார்" என்பாள். மாத்திரை வேளை தவறினால் கத்தரிக்கோலோடு வந்து நிற்பாள். டீச்சர் உப்பை எடுக்கக் கை நீட்டினால், "அது உன் நாக்குக்குத்தான் கேக்குது, என் கிட்னிக்குக் கேக்கல" என்று ஜாடியைப் பிடுங்கிக்கொள்வாள். வருகிறவர்களிடமெல்லாம், "இவ பாதி நான்தான், அதான் கொஞ்சமாவது புத்தி இருக்கு" என்று சொல்லிக்கொள்வாள்.

அந்த மாத்திரைதான் வினையே. அக்காவின் உறுப்பை அந்நியன் என்று நினைத்து உடம்பு சண்டைக்குப் போய்விடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. அது நல்லதையும் அடக்கிவிடும், கெட்டதற்கும் கதவைத் திறந்து விட்டுவிடும். தடுப்பூசி வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டாள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஊசி போட்டாச்சும்மா. ஆனா உங்க உடம்பு அதைக் கண்டுக்கவே இல்ல" என்றார். கூட்டத்தில் போகக்கூடாது, மூடிய அறையில் யாரோடும் உட்காரக்கூடாது, அதிலும் சின்னப் பிள்ளைகள் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று கறாராக எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பள்ளியில் அவளைச் சுவரில் மாட்ட அனுமதி கிடைத்தது.

பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் கொடுமை. பார்க்கக் கிடைத்தது, மற்ற எதுவும் கிடைக்கவில்லை. இடைவேளையில் அவர்கள் ஓடிப்போன பிறகும் திரையை மூடாமல், காலி பெஞ்சுகளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வியர்வையும் அழிரப்பரும் சாப்பாட்டு டப்பாவும் கலந்து வருமே ஒன்றாம் வகுப்புக்கே உரிய ஒரு வாசனை, முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வாள், இப்போது அதற்காக ஏங்கினாள். புடவையில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போகும் பிள்ளைகளை எத்தனை திட்டியிருப்பாள்! இப்போது புடவை மாலைவரை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்தால் அழுகையாக வந்தது.

ஒரு மாலை அக்கா குனிந்து ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பின்னால் போய் நின்று, அவளுடைய அகலமான முதுகில் விரலால் ஓர் எழுத்தை எழுதினாள்.

"என்னடி பண்ற? கொசுவா?"

"என்ன எழுதினேன் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"சொல்லேன் அக்கா."

அக்காவுக்குத் தங்கையின் குரலில் ஏதோ தட்டுப்பட்டது. திரும்பிப் பார்க்காமல், நூலையும் விட்டுவிட்டு, "இன்னொரு தடவை எழுது" என்றாள். டீச்சர் எழுதினாள். அக்கா தப்பாகச் சொன்னாள். மறுபடி எழுதச் சொன்னாள், மறுபடி தப்பாகச் சொன்னாள். விளக்குப் போடும் நேரம்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒருநாள் தலைமையாசிரியை போன் செய்தார். பள்ளியில் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நல்லது சொல்வதற்கென்றால் நேரே விஷயத்துக்கு வருவார், கெட்டது என்றால் வெயில் மழை எல்லாம் விசாரிப்பார். அன்றைக்கு மழையை ரொம்ப நேரம் விசாரித்தார்.

"சொல்லுங்க மேடம், பரவாயில்ல" என்றாள் டீச்சர்.

"மேலிடத்துல உத்தரவு போட்டுட்டாங்கம்மா. பிள்ளைங்க வந்தாச்சு, டீச்சர் மட்டும் ஏன் டிவியிலன்னு கேக்கறாங்க. திங்கக்கிழமைலேருந்து டிவி கிடையாது. நேர்ல வரணும், இல்ல மருத்துவ விடுப்புல போகணும்."

"விடுப்புல போனா?"

"கிளாஸ் சின்ன டீச்சருக்குப் போயிடும்."

"ஜன்னல் எல்லாம் திறந்து வச்சா? வெளியில மரத்தடியில கிளாஸ் எடுத்தா? தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்து..."

"எல்லாம் கேட்டுப் பார்த்தேன். தலைகீழா நின்னு பார்த்தேன். ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்கன்னு ஒரே பேச்சு. டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் வர்றதா இருந்தா, சொந்தப் பொறுப்புல வர்றேன்னு எழுதிக் குடுக்கணுமாம். நான் வாங்கன்னும் சொல்லமாட்டேன், வராதீங்கன்னும் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

சட்டம் போடுகிறவர்களுக்கு என்ன, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டீச்சர் போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. போக வேண்டாம் என்று இத்தனை நாள் தடுத்த உலகம், போயே ஆகவேண்டும் என்று ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூடத்துப் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

கொடியில் புடவையைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க கிளம்புற?"

"திங்கக்கிழமைலேருந்து ஸ்கூலுக்கு."

அக்கா ஆரம்பித்தாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "போ, தாராளமா போ. ஆனா என் கிட்னியக் குடுத்துட்டுப் போ. நீ யாருக்கோ தூக்கிக் குடுக்கறதுக்கா நான் வயித்தக் கிழிச்சுக்கிட்டேன்? அந்த டாக்டர் என்ன சொன்னாரு, காதுல விழலையா? ஊரான் வீட்டுப் பிள்ளைங்க தும்மறதுக்கு நீ போய் மூஞ்சியக் காட்டணுமா? அப்படி என்னடி உனக்கு அங்க வச்சிருக்கு?"

"நான் அங்கதான்க்கா நானா இருக்கேன்."

"அப்போ இங்க யாரா இருக்க?"

அதற்கு நேராகப் பதில் சொன்னால் அக்காவின் மனசு நோகும். டீச்சர் வேறு வழியாகச் சொன்னாள். "ஒரு வருஷமா அதுங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணோட தலையைக்கூடத் தடவல. எனக்குப் பைத்தியம் பிடிக்குதுக்கா. நீ குடுத்த உயிர்தான், இல்லேங்கல. ஆனா இந்த உயிரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பொத்திப் பொத்தி வச்சுக்கிட்டே இருக்கவா?"

அக்கா பின்னறைக்குப் போய்விட்டாள். மெஷின் ஓடவில்லை. அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, மாத்திரையை மட்டும் டம்ளரோடு கொண்டுவந்து டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அக்கா திட்டினால் தாங்கலாம், வாயை மூடினால் வீடு வீடாக இருக்காது.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைக்கு மணி அடித்ததும் டீச்சர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். பெரிய டீச்சரிடம் நேரில் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள், மேலே கண்ணாடித் தகடு மாதிரி முகமூடி, தலையில் துணி. கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் அக்கா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"என் சாமான் வெளிய போகுதுல்ல, காவலுக்கு வர்றேன். சொன்னாக் கேக்கற ஜென்மமா நீ? ஏறு."

பள்ளிக்கூட வாசலிலேயே அக்கா நின்றுவிட்டாள். டீச்சர் மட்டும் உள்ளே போனாள். அலுவலகத்துக்குள் போகாமல் மரத்தடியிலேயே நின்று பேசுவதாக ஏற்பாடு. மைதானமெங்கும் பிள்ளைகள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த இரைச்சல்! லேப்டாப்பில் எத்தனை சத்தமாக வைத்தாலும் இந்த இரைச்சல் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள், இல்லையென்றால் நட்டநடு மைதானத்தில் நின்று ஓவென்று அழுதிருப்பாள்.

பெரிய டீச்சர் தள்ளியே நின்றுகொண்டார். "வந்துடறேன் மேடம்" என்று டீச்சர் சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதியும் பயமும் சேர்ந்தே வந்தன.

"வீட்டுல சரின்னுட்டாங்களா?"

"வண்டியில கொண்டுவந்து விட்டிருக்காங்க" என்றாள் டீச்சர். பொய் இல்லைதானே.

"உங்க கிளாஸ் மாதிரி ஒரு கிளாஸ் இந்த ஸ்கூல்லயே கிடையாதும்மா. மத்ததெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து உருளுது. உங்க பிள்ளைங்க கையைக்கூடக் கோத்துக்காது. வரிசையில நின்னா நடுவுல ஒரு ஆள் போகலாம். எப்படித்தான் பழக்கினீங்களோ!"

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஒன்றும் பழக்கவில்லையே, தானாக வந்த ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே மேஜையில் காகிதம் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று பெரிய டீச்சர் போனார். அவர் வருவதற்குள் வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று டீச்சர் கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பின் பின்ஜன்னல், அதையொட்டிக் குழாயடி, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்தான். பெரியவர்கள் நடமாட்டம் இல்லை.

குழாயடியில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடியது. ஈரத்தில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தது. பாட்டில் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. அப்போதுதான் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். வக்கீலம்மா!

மாஸ்க்காவது மண்ணாவது. டாக்டரும் அக்காவும் உத்தரவும் எல்லாம் பறந்துபோயின. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். "அய்யய்யோ, எங்க அடிபட்டுச்சு, வா, வா இங்க" என்றாள். டிவி பெட்டியின் கரகரப்பில் கேட்டுப் பழகிய குரல் வேறு, இரண்டு மாஸ்க்குக்குள் அமுங்கிய இந்தக் குரல் வேறு. பிள்ளை விருட்டென்று எழுந்து பின்னால் போனாள்.

"தொடாதீங்க ஆன்ட்டி!"

"ரத்தம் வருதும்மா. கழுவிவிடறேன்."

"வேணாம். நாங்க யாரையும் தொட மாட்டோம். தொட்டா எங்க டீச்சர் வர மாட்டாங்க."

டீச்சரின் கை நீட்டியபடியே நின்றது. "யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நாங்களே போட்டுக்கிட்ட சட்டம்." அழுகையை அடக்கியதில் வக்கீலம்மாவின் முகவாய் துடித்தது. ஆனாலும் வாதத்தை விடவில்லை. "எங்க டீச்சருக்கு ஒட்டிக்கிற நோய் ஆகாது. நாங்க எல்லாரும் தொடாம சுத்தமா இருந்தா வந்துடுவாங்க. மத்த கிளாஸ்ல எல்லாம் டீச்சர் வந்துட்டாங்க, அதனால அவங்க தொட்டுக்கலாம். எங்களுக்கு இன்னும் வரல."

"சின்ன... உங்க மிஸ்ஸைக்கூடத் தொட மாட்டீங்களா?"

"மிஸ் கூட்டமான பஸ்ல வர்றாங்க ஆன்ட்டி" என்றாள் வக்கீலம்மா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அதற்குமேல் தாங்கவில்லை அவளுக்கு. அடிபட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, "டீச்சர்கிட்ட சொல்லணும்" என்று வகுப்புக்குள் ஓடினாள்.

எந்த டீச்சரிடம்? ஒழுங்கு என்று பூரித்தாளே, அது ஒழுங்கா? ஆறு வயசுப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடிக்காமல், விழுந்தால் யார் மடியிலும் ஏறாமல், மாதக்கணக்காகப் பத்தியம் இருந்திருக்கின்றன. எல்லாம் அவளுக்காக. அவள் ஏங்கினாள் என்றால் அவளோடு போயிற்று, இந்த முளைகளையுமா சேர்த்துப் பட்டினி போட்டுவிட்டாள்!

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வக்கீலம்மா இருண்டு கிடந்த டிவிக்கு முன்னால் போய் நின்று, "டீச்சர்... டீச்சர்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்ன டீச்சர் சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பஞ்சும் தண்ணீருமாக ஓடிவந்தாள். பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"கையைக் காட்டும்மா, என் தங்கம்ல."

"டீச்சரைக் கேக்கணும் மிஸ்."

டீச்சருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை அவள் வருவாள், சரி. வந்து என்ன செய்வாள்? கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால், மேஜைக்குப் பின்னால் உட்காருவாள். பிள்ளைகள் அவளுடைய உயிரைத் தங்கள் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு முழம் தள்ளி நிற்கும். ஒருநாள் ஒன்றுக்குச் சளி பிடிக்கும், அது தன்னால்தான் டீச்சர் செத்துப்போவாள் என்று பயந்து சாகும். எந்தத் தலையைத் தடவ உயிரைவிட்டாளோ, அந்தத் தலை கைக்கு எட்டாது. இந்தத் தொற்று முடிகிற காலத்தில் முடியும், ஆனால் இந்தப் பிள்ளைகள் அதுவரை ஆறு வயசாகவே இருக்கப்போவதில்லை.

அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போனை எடுத்தாள். இயர்போனைக் காதில் செருகி, வகுப்பு இணைப்பைப் போனிலேயே திறந்தாள். முகத் தகட்டையும் இரண்டு மாஸ்க்கையும் கழற்றினாள். காற்று முகத்தில் பட்டது. தூரத்தில் வாசலில் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரிலிருந்து குதித்தாள், ஆனால் ஏனோ கத்தவில்லை.

வகுப்பறைச் சுவரில் டீச்சர் முகம் வந்தது.

"டீச்சர், விழுந்துட்டேன்" என்றாள் வக்கீலம்மா. சொன்னதும்தான் அழுகை பீறிட்டது. போனில் அவளுடைய முகம் தெரிந்தது, ஜன்னல் வழியாக அவிழ்ந்துபோன பின்னல் தெரிந்தது.

"வலிக்குதாடா?"

"இல்ல... ஆமா."

"மிஸ்கிட்ட கையைக் குடு. அவங்க கழுவிவிடுவாங்க."

"தொடக்கூடாதே டீச்சர். சட்டம்."

"அந்தச் சட்டத்தை நான் எடுத்துட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். இனிமே மிஸ்ஸைத் தொடலாம். மடியில உட்காரலாம். எல்லாரும்."

சின்ன டீச்சர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். முகத்துக்குப் பின்னால் தெரிந்தது வீட்டு முன்னறை இல்லை, பள்ளிக்கூடத்து மஞ்சள் சுவர். அவளுடைய கண் மெல்லப் பின்ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. கெட்டிக்காரப் பெண், வாயைத் திறக்கவில்லை.

"அப்படின்னா நீங்க திங்கக்கிழமை வந்துடுவீங்களா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

வருவேன் என்று ஒரு வார்த்தை. நாக்கின் நுனியில்தான் இருந்தது. காகிதத்தோடு பெரிய டீச்சர் மரத்தடியில் காத்திருப்பார்.

"வர மாட்டேன் கண்ணு. இனிமே மிஸ்தான் உங்க டீச்சர்."

"நாங்க யாரையும் தொடலையே டீச்சர்!" பிள்ளை வீரிட்டாள். "ஒருத்தரைக்கூடத் தொடலையே! இப்பக்கூட ஒரு ஆன்ட்டி தூக்க வந்தாங்க, நான் தொடவே விடலையே!"

"தெரியும். பார்த்... எனக்குத் தெரியும். நீங்க ஒரு தப்பும் பண்ணல. எனக்கு வரணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா? இந்த உலகத்துல எனக்கு வேற எதுவும் வேண்டாம், உங்ககிட்ட வந்தாப் போதும்னு இருக்கு. என் உடம்புதான் விட மாட்டேங்குது. அதுக்கு நீங்க ஏன் தள்ளித் தள்ளி நிக்கணும்? போ. மிஸ்கிட்ட போ. நான் பார்க்கணும், போ."

வக்கீலம்மா டிவியைப் பார்த்தாள், சின்ன டீச்சரைப் பார்த்தாள். தீர்ப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. சின்ன டீச்சர் மண்டியிட்டுக் கையை விரித்தாள். பிள்ளை முதலில் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு அப்படியே சரிந்து, அவளுடைய கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ரத்தமும் கண்ணீரும் மூக்கும் சின்ன டீச்சரின் புடவைத் தோளில் அப்பின.

டீச்சர் போனை அணைத்தாள். மாஸ்க்குகளை மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் நேரே மரத்தடிக்குப் போயிருக்க வேண்டும், கால் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தோளில் கன்னத்தை வைத்திருந்த வக்கீலம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை மிஸ் மிஸ் என்று கூப்பிட்டவள், தேம்பலுக்கு நடுவே சின்ன டீச்சரின் காதில், "டீச்சர், அங்க அந்த ஆன்ட்டி அழுறாங்க" என்றாள்.

சின்ன டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "கை எரியும், கழுவிடலாம் வா" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போனாள்.